ரோமானியர் சுண்ணாம்பை நீற்றினார்களா, இல்லையா?

காளவாய்: பக்கத்து இழையில் ஒருத்தர், 'ரோமானியக் கான்கிரீட்டின் ரகசியமே சுட்ட சுண்ணாம்பை நீற்றாமல் (முன்கூட்டியே தண்ணீர் விட்டு அணைக்காமல்) போட்டதுதான், விட்ருவியஸ் எழுதினது கப்சா' என்று அளந்துவிட்டிருக்கிறார். அந்த ரோமானியக் கட்டடக்கலைஞரின் இரண்டாம் நூல், 5ஆம் அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். 'எக்ஸ்டிங்க்டா', அதாவது அணைந்த சுண்ணாம்பு. அப்புறம்தான் கலவை: குழிமணல் மூன்றுக்குச் சுண்ணாம்பு ஒன்று, ஆற்றுமணல் இரண்டுக்கு ஒன்று. நீற்றினார்கள். முடிந்தது.

சூடான_காரை: அந்த 'ஒருத்தர்' நான்தான், பேர் சொல்லியே திட்டலாம். 2023-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலையின் மாசிச் குழு இத்தாலியில் பிரிவெர்னம் என்ற பழைய ஊரின் மதில் துண்டை ஆராய்ந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள். சுட்ட சுண்ணாம்பையும் எரிமலைச் சாம்பலையும் கலந்து தண்ணீர் விட்டால் கலவையே கொதிக்கும், கட்டி மிஞ்சும். பின்னால் விரிசலில் தண்ணீர் இறங்கினால் அந்தக் கட்டி கரைந்து, படிந்து அடைத்துக்கொள்ளும். அரை மில்லிமீட்டர் விரிசலில் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள், இரண்டு வாரத்தில் ஓட்டம் நின்றது. சுட்ட சுண்ணாம்பு சேராத துண்டில் நிற்கவே இல்லை.

காளவாய்: கட்டி இருந்தால் சூடாகக் கலந்தார்கள் என்று அர்த்தமா? காளவாயில் சுமார் 900 டிகிரி எட்டாத கல்லும் கட்டிதான், மிஞ்சி வெந்ததும் கட்டிதான். நீற்ற, எடையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் கணக்குக்குப் போதும். ஆனால் கொதியில் ஆவியாகிப்போகும். கூடுதலாக விடாவிட்டால் நடுவில் நீறாத கட்டி நிற்கும். பூச்சில் அது ஒரு சின்னத் துணுக்கு இருந்தாலும் பின்னால் ஈரம் பட்டு ஊதி, கொப்புளமாகப் பெயர்த்துத் தள்ளும். மூன்று வருஷத்துக்குக் குறைந்த சுண்ணாம்பை ஒப்பந்தக்காரர் தொடக்கூடாது என்று பழைய விதி இருந்ததாக ரோமானிய எழுத்தாளர் ப்ளினி சொல்வது எதற்காம்?

சூடான_காரை: அதே ப்ளினி அடுத்து என்ன சொல்கிறார்? அதனால் *பூச்சில்* விரிசல் விழவில்லை என்கிறார். பேச்சு பூச்சைப் பற்றி, கான்கிரீட்டைப் பற்றி அல்ல. பாதி வரியோடு நிறுத்துவது உங்கள் வழக்கம்தானே.

மதில்மேல்: எந்தக் கான்கிரீட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள்? துறைமுகமா, மதிலா? கடலுக்கடியில் என்றால் சாம்பல் இரண்டு, சுண்ணாம்பு ஒன்று என்று விட்ருவியஸே தனிக்கணக்கு தருகிறாரே.

காளவாய்: எதுவானாலும் நீற்றினார்கள்.

கடுக்காய்_கஷாயம்: இதற்கா இந்த அக்கப்போர்? நம்மூரில் கடுக்காய், வெல்லம் ஊறப்போட்ட தண்ணீர் விட்டார்கள். அக்ரிப்பா கட்டிய ரோமாபுரிக் கோயில் பாந்தியனிலும் அப்படி ஏதாவது இருக்கும்.

காளவாய்: பாந்தியனில் கடுக்காயா! 43 மீட்டர் குவிமாடம் கஷாயத்தில் நிற்கவில்லை ஐயா. அஸ்திவாரத்தில் கனமான டிராவர்டைன் சுண்ணக்கல் ஜல்லி, மேலே போகப்போக லேசானது, உச்சியில் நுரைக்கல். தடிமன் அடியில் 6 மீட்டருக்கு மேல், நடுத்துளை ஓரத்தில் சுமார் 1.2. உள்ளே கம்பி இல்லை, துருப்பிடித்து வெடிக்க வழியும் இல்லை.

சூடான_காரை: முதலில் அது அக்ரிப்பா கட்டினதே இல்லை. வாசலில் பேர் இருந்தால் போதுமா? அவர் கட்டினது கி.பி. 80-ல் எரிந்தது. இப்போது நிற்பது பேரரசர் ஹாட்ரியன் காலத்தது.

கடுக்காய்_கஷாயம்: செங்கல் முத்திரையை வைத்து அவருக்கு முந்தைய பேரரசர் டிராஜன் காலத்திலேயே தொடங்கியது என்பவர்களும் உண்டு. முழுசாகப் படித்துவிட்டு வாங்க.

காளவாய்: ஹாட்ரியன், டிராஜன் எல்லாம் இருக்கட்டும். 'எக்ஸ்டிங்க்டா'வுக்கு இன்னும் பதில் வரவில்லை.

சூடான_காரை: கட்டிக்கும்தான் வரவில்லை. போன மாசம் கிரேக்கத் தீ (பைசாந்தியரின் எரி ஆயுதம்) இழையிலும் நாஃப்தா எண்ணெயைப் பிடித்துக்கொண்டு இப்படித்தான் தொங்கினீர்கள்.

காளவாய்: அதிலும் நான் சொன்னதுதான் சரி. தனி இழை போடுங்கள், வருகிறேன். இங்கே நீற்றினார்கள்.