‘பெண்ட்ஸ்’ நோய்க்குத் தமிழில் என்ன பெயர்?

வணக்கம். முக்குளிப்பவர்களுக்கான பாதுகாப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். மூன்று வாரமாக ‘பெண்ட்ஸ்’ (bends) என்ற ஒரே ஆங்கிலச் சொல்லில் நிற்கிறேன்.

சாலையில் வரும் பெண்ட் என்றால் சிக்கலே இல்லை. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு என்று எல்லோரும் சொல்கிறோம். இரண்டு கயிறுகளை இணைக்கும் பெண்டுக்கு ‘முடிச்சு’ போதும். ஆனால் இது நோய். ஆழத்தில் அழுத்தக் காற்றைச் சுவாசித்தவர் சட்டென்று மேலே வந்தால், உடம்பில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழிகளாகிவிடும். மூட்டுகளில் கடுமையான வலி, மரத்துப்போதல், சிலருக்குக் கைகால் செயலிழப்பு, உயிரே போவதும் உண்டு. 1870களில் அமெரிக்காவில் பாலங்களுக்கு ஆற்றடியில் அழுத்தக் காற்று அறைகளுக்குள் இருந்து அடித்தளம் போட்ட தொழிலாளர்கள் இந்த வலியில் குனிந்து நடந்தார்கள். அதிலிருந்து வந்த பெயர் இது.

‘வளைவு நோய்’ என்று எழுதிப் பார்த்தேன், கூன் என்று நினைக்கிறார்கள். ‘அழுத்தக் குறைவு நோய்’ என்றால் லோ பிரஷர் என்கிறார்கள், அது ஆபத்தான குழப்பம். ‘குமிழி நோய்’ தோல் கொப்புளம் போலக் கேட்கிறது. சரி, ஆங்கில மருத்துவப் பெயரை அப்படியே ‘டிகம்ப்ரஷன் சிக்னஸ்’ என்றே போடலாமா என்றால், படகில் இருப்பவருக்கு அவசரத்தில் அது வாயில் வராது.

தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் சங்கு குளிக்கப் போகிறவர்கள் இந்த வலியை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள்?