பாத்ரூம் பேசின் மேடைக்கு எது? வெள்ளை மார்பிளா, குவார்ட்ஸா, கிரானைட்டா?

ஈரக்கால்:

பழைய பாத்ரூமை உடைத்துப் புதிதாகச் செய்கிறோம். பேசின் மேடை 1200 மி.மீ. நீளம், 550 மி.மீ. அகலம். பின்பக்கமும் இடப்பக்கமும் சுவர், வலப்பக்கம் திறப்பு. கீழே அலமாரி கிடையாது, காலியாகவே இருக்கும். பேசின், கல்லுக்கு அடியில் மாட்டும் வகை.

வீட்டில் வெள்ளை மார்பிள்தான் வேண்டும் என்கிறார்கள். கடைக்காரர் குவார்ட்ஸ் போடுங்கள், அதற்கு எதுவுமே ஆகாது என்கிறார். மேஸ்திரியோ கருப்பு கிரானைட்டைத் தவிர வேறு எதையும் காதில் வாங்குவதாக இல்லை. வருவது உப்புத் தண்ணீர், குழாயடியில் வெள்ளை படியும். தலைக்குச் சாயம் பூசுவது அங்கேதான். ஹேர் ஸ்ட்ரெய்ட்னரையும் சூடாக அதே மேடையில்தான் வைப்பார்கள். டாய்லெட் கழுவும் ஆசிட்டும் அதே அறையில் இருக்கும். இத்தனைக்கும் எது தாங்கும்? 18 மி.மீ. கனம் போதுமா?

கல்லுளிமங்கன்:

சமையலறை மேடைக்குச் சொல்வதை அப்படியே பாத்ரூமுக்கும் சொல்வதால் வரும் குழப்பம் இது. இங்கே கத்தியும் இல்லை, கொதிக்கும் பாத்திரமும் இல்லை. தேங்கும் தண்ணீர், ஆசிட், சாயம், நகப்பூச்சு நீக்கி, இவைதான் இங்கே எதிரி. ஸ்ட்ரெய்ட்னர் மட்டும் விதிவிலக்கு.

மார்பிளை முதலில் முடித்துவிடுவோம். அது கால்சியம் கார்பனேட். உங்கள் குழாயைச் சுற்றிப் படியும் வெள்ளையும் பெரும்பாலும் அதேதான். எனவே படிவைக் கரைக்கும் எந்தத் திரவமும் கல்லையும் சேர்த்தே கரைக்கும். எலுமிச்சையும் வினிகரும் கூடப் போதும். டாய்லெட் கிளீனர்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் இருக்கிறது. ஒரு சொட்டு தெறித்தாலே அந்த இடம் நுரைத்து மங்கிவிடும். அது கறை இல்லை, பாலிஷே அரிக்கப்பட்டிருக்கிறது. தேய்த்தால் போகாது, மறுபடி பாலிஷ் போட வேண்டும். சீலர் அடித்தால் சரியாகிவிடும் என்பார்கள். சீலர் தண்ணீரும் எண்ணெயும் நுண்துளைக்குள் இறங்குவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. மேற்பரப்பில் ஆசிட் படுவதை அது தடுக்காது. வெள்ளைதான் வேண்டும், மார்பிள்தான் வேண்டும் என்றால் பளபளப்பு இல்லாத மேட் பரப்பாக வாங்குங்கள். அரிப்பு நடக்கத்தான் செய்யும், கண்ணில் குறைவாகப் படும்.

குவார்ட்ஸுக்கு 'எதுவுமே ஆகாது' என்பது பாதி உண்மை. எடையில் சுமார் 90 சதவீதம் குவார்ட்ஸ் துகள், மீதி பெரும்பாலும் பாலியெஸ்டர் பிசின்; ஆலையில் வார்க்கும் செயற்கைக் கல் அது. அதனால்தான் தண்ணீர் இறங்காது, சீலரும் தேவையில்லை. சூடு தாங்காததும் அதே பிசினால்தான். 150 டிகிரி செல்சியஸ் வாக்கில் நிறம் மாறும் அபாயம் வந்துவிடும். ஸ்ட்ரெய்ட்னர் ஓடுவது 180 முதல் 230 வரை. வெள்ளைக் குவார்ட்ஸில் அந்தப் பழுப்புத் தழும்பு விழுந்தால் எடுக்க முடியாது. சாயமும் பிசினில் பிடிக்கும்; சிந்திய சில நிமிடங்களுக்குள் துடைத்தாக வேண்டும். ஜன்னல் வெயில் நேராக விழும் இடமென்றால் நாளடைவில் மஞ்சளிக்கும். ஒரு சிலிக்கோன் விரிப்பைப் போட்டு அதன்மேல் ஸ்ட்ரெய்ட்னரை வைக்கும் ஒழுங்கு வீட்டில் எல்லோருக்கும் இருக்குமானால் குவார்ட்ஸ் நல்ல தேர்வு. இருக்குமா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

மேஸ்திரி சொல்லும் கருப்பு கிரானைட்டில் பல, புவியியல் கணக்கில் கிரானைட்டே இல்லை. கேப்ரோ, டோலரைட் என்ற வேறு பாறை வகைகள். அடர்த்தி அதிகம், தண்ணீர் உறிஞ்சுவது மிகக் குறைவு, சூட்டைப் பற்றிக் கவலையே இல்லை. அடித்த ஆசிட்டை ஊற வைக்காமல் கழுவிவிட்டால் போதும். துரு நீக்கிகளில் மட்டும் கவனம்: ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் கலந்தது எந்தக் கிரானைட்டையும் அரிக்கும். வாங்கும்போது ஒரு வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்துக் கல்லைத் தேய்த்துப் பாருங்கள். துணியில் கருப்பு ஏறினால் சாயம் ஏற்றிய கல், வேண்டாம்.

ஆனால் உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் பளபளக்கும் கருப்பு, வேண்டி வாங்கும் தலைவலி. ஒவ்வொரு சொட்டும் காய்ந்து வெள்ளை வட்டமாய்த் தெரியும். என் தேர்வு: சாம்பலும் கருப்பும் வெள்ளையும் கலந்த பொடிப்புள்ளி கிரானைட். உப்பும் தெரியாது, சோப்பும் தெரியாது.

ரசமட்டம்:

கல்லைப் பற்றிச் சொல்லியாயிற்று. உடைவது பெரும்பாலும் கல்லின் குற்றத்தால் அல்ல, வெட்டினாலும் தாங்கலாலும்தான்.

1.2 × 0.55 × 0.018 மீட்டர், அடர்த்தி 2700 என்று வைத்தால் வெட்டுவதற்கு முன் 32 கிலோ. பேசினும் அதில் நிற்கும் தண்ணீரும் சேரும், மேலே கை ஊன்றுபவரின் எடை தனி. கீழே அலமாரி இல்லாததால் முழுப் பாரமும் சுவர் பிராக்கெட்டில். இரண்டு பிராக்கெட்டுக்கு இடையே 600 மி.மீ.க்கு மேல் போகாதீர்கள். உங்களுக்கு மூன்று: இரு ஓரத்தில் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. நடு பிராக்கெட் பேசினில் இடிக்காதபடி பேசினை ஒரு பக்கம் தள்ளுங்கள், அல்லது நான்காகப் போட்டு பேசினின் இருபுறமும் நிறுத்துங்கள். பிராக்கெட் 400 மி.மீ.யாவது வெளியே நீளட்டும். 304 தர ஸ்டெயின்லெஸ் அல்லது சூட்டு முறையில் துத்தநாகம் பூசியது. பெயின்ட் அடித்த ஆங்கிள் இரும்பு துருப்பிடித்து, வெளிர் கல்லில் மேல்வரை கறை ஏறும்.

18 மி.மீ. போதும், பேசின் வெட்டுக்கு முன்னால் 60 மி.மீ. அகலக் கல் மிஞ்சும்வரை. விரிசல் விடும் இடம் அந்தப் பட்டைதான். வெட்டின் உள்மூலைகளை முதலில் துளையிட்டு, குறைந்தது 10 மி.மீ. ஆர வளைவு விட்டு, பிறகு நேர்க்கோடு வெட்ட வேண்டும். பிளேடை மூலை தாண்டி ஓடவிட்டால் மயிரிழைக் கீறல் விழும், அதுவே பின்னாளில் விரிசலாக ஓடும். முன்பட்டையின் அடியில் காடி (நீளப் பள்ளம்) வெட்டி எபாக்சி பசையில் கம்பி பதிப்பதும் உண்டு. கம்பி ஸ்டெயின்லெஸ்ஸாகவோ ஃபைபராகவோ இருக்கட்டும். சாதா இரும்பு துருத்தால் பருத்துக் கல்லையே பிளக்கும்.

இன்னொன்று, யாரும் கேட்டு வாங்குவதில்லை: முன்விளிம்புக்கு அடியில், விளிம்பிலிருந்து 12 மி.மீ. உள்ளே 4 மி.மீ. அகலத்தில் ஒரு காடி. திறந்த வலப்பக்கத்துக்கும் அதே. இல்லையென்றால் வழியும் தண்ணீர் கல்லின் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவர்வரை போகும்.

அளவு: பேசின் வெட்டு முன்பின் 380 என்றால், முன்னால் 60, பின்னால் 110. அதில் பின்சுவரோடு நிற்கும் தடுப்புக் கல்லும் பசையுமாக 20 போக 90. குழாய்த் துளை 35 மி.மீ., நடுவில் வந்துவிடும்.

குழாயடி:

ரசமட்டம் அண்ணே, மேலேருந்து பார்த்தா கணக்கு சரி. கீழேருந்து பார்த்தா குழாய் மாட்டாது. அடியில மாட்டுற பேசினுக்கு விளிம்பு வெட்டுக்கு வெளியே சுமார் 25 மி.மீ. நீட்டிக்கிட்டு இருக்கும். உங்க கணக்குல துளை மையத்துலேருந்து வெட்டு 45 தான். 25 போனா 20. குழாயோட நட்டும் வாஷரும் மையத்துலேருந்து அதுக்கு மேல எடம் கேக்கும். கல்லை வெட்டிட்டு வந்தப்புறம் பேசின் விளிம்பைத் தேய்க்கிற கூத்தெல்லாம் இதனாலதான்.

வெட்டு 350க்குள்ள இருக்கிற பேசினா எடுங்க. அப்போ பின்னால 140, தடுப்பு போக 120. தடுப்புலேருந்து 55ல துளை மையம், வெட்டுக்கு 65, விளிம்பு போக 40 கெடைக்கும். கைப்பிடியைப் பின்னால சாய்ச்சுத் திறக்கிற ஒத்தைப்பிடிக் குழாய்னா அந்த 55லயும் தடுப்புல இடிக்குதான்னு பாருங்க. பக்கவாட்டுல பிடி இருக்கிறது நல்லது. குழாய் மூக்கு 120 மி.மீ.க்குக் குறையக் கூடாது, இல்லேன்னா தண்ணி பேசின் சரிவுலயே அடிச்சுத் தெறிக்கும்.

பேசினை வெறும் சிலிக்கோன்ல தொங்கவிடாதீங்க. கல்லுல பதிக்கிற கிளிப் நாலு, அதோட சிலிக்கோன். அடிப்பக்கம் கல் மாவு போக அசிட்டோன்ல துடைச்சிட்டு ஒட்டணும். 24 மணி நேரம் முட்டுக் கொடுத்து விட்டுட்டு அப்புறமா டிராப் (கழிவுத் தண்ணி போற வளைகுழாய்) மாட்டுங்க. வினிகர் வாசனை அடிக்கிற சிலிக்கோன் கல்லுக்கு ஆகாது. நியூட்ரல் வகை, அதுலயும் இயற்கைக் கல்லுல கறை விடாததுன்னு போட்டிருக்கிறதா வாங்குங்க. சாதாரணமானதுல இருக்கிற எண்ணெய் கல்லுக்குள்ள இறங்கி, ஓரமெல்லாம் ஈரம் மாதிரியே நிக்கும்.

ஈரக்கால்:

மூவருக்கும் நன்றி. வீட்டில் பேசிச் சாம்பல் புள்ளி கிரானைட்டுக்கு வந்துவிட்டோம் (மார்பிள் நிறத்தில் சுவர் டைல்ஸ் என்று சமாதானம்). இரண்டு சந்தேகம். சீலர் எப்படி அடிப்பது? பேசினோடு ஒட்டே தெரியாமல் வரும் அக்ரிலிக் மேடையைப் பற்றி யாரும் பேசவில்லையே?

கல்லுளிமங்கன்:

அக்ரிலிக் மேடையில் மூன்றில் ஒரு பங்கு வாக்கில் பிசின், மீதி அலுமினியம் சார்ந்த தாதுப்பொடி. பேசினும் மேடையும் ஒரே வார்ப்பாக வருவதால் அழுக்கு சேர விளிம்பே இல்லை. கீறினால் உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்யலாம். இந்த ஒரு வசதி எந்தக் கல்லிலும் இல்லை. ஆனால் ஸ்ட்ரெய்ட்னருக்குக் குவார்ட்ஸை விட மோசம், நகப்பூச்சு நீக்கியில் உள்ள அசிட்டோனும் மங்க வைக்கும். உங்கள் பட்டியலுக்கு ஒத்துவராது.

சீலர் தேவையா என்று முதலில் பாருங்கள். கல்லில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு 15 நிமிடம் கழித்துத் துடையுங்கள். அந்த இடம் கருத்திருந்தால் தேவை. உள்ளே ஊடுருவும் வகையே வேண்டும், மேலே படலமாக நிற்பது உரியும். கல் இரண்டு நாள் முழுதாய்க் காய்ந்த பிறகு வெள்ளைத் துணியால் சீராகப் பூசி, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் காத்திருந்து, மிச்சத்தை ஒரு பொட்டு விடாமல் துடைத்துவிடுங்கள். பலர் தப்பு செய்வது இங்கேதான். மேலே காயவிட்டால் பால்நிறப் படலம் பிடிக்கும். 24 மணி நேரம் தண்ணீர் காட்டாதீர்கள். வெட்டின் உள்விளிம்பு, குழாய்த் துளையின் உள்சுவர், இரண்டுக்கும் கட்டாயம் பூசுங்கள். பாலிஷ் இல்லாத இடம் முதலில் குடிக்கும். பேசினைச் சுற்றி வரும் கருவளையம் அதுதான். வெட்டின் உள்விளிம்பு வெளியே தெரியும் என்பதால் அதற்கும் பாலிஷ் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ரசமட்டம்:

குழாயடி சொன்னது சரி, விளிம்பைக் கணக்கில் எடுக்காதது என் பிழை.

இடப்பக்க மூலை 90 டிகிரி இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஒரு சுவரில் 600, மற்றதில் 800 குறித்துக் குறுக்கே அளந்தால் 1000 வர வேண்டும். வராவிட்டால் அட்டையில் மாதிரி வெட்டிக் கொடுங்கள். சுவரோரம் 3 மி.மீ. இடைவெளி விட்டு சிலிக்கோன் நிரப்புவது. சிமென்ட் அடைத்தால் அங்கே கீறும்.

துளையும் வெட்டும் பட்டறையிலேயே, தண்ணீர் விட்டு. வீட்டுக்குள் கிரைண்டர் வைத்து உலர வெட்ட விடாதீர்கள். அந்தப் பொடியில் உள்ள சிலிக்கா நுரையீரலைத் தின்னும். குவார்ட்ஸில் அது இன்னும் அதிகம். ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் அந்தக் கல்லுக்கே தடை போட்டதன் காரணம் அதுதான்.

பேசினும் குழாயும் கைக்கு வந்த பிறகே கல் வெட்டக் கொடுங்கள். பெட்டியில் வரும் காகித வெட்டு மாதிரியை பேசின் மேலேயே வைத்துச் சரிபாருங்கள். பீங்கான் சூளையில் சுருங்குவது. அச்சிட்ட அளவிலிருந்து சில மி.மீ. தள்ளித்தான் இருக்கும்.