1986இல் பிறந்த அக்காவுக்குக் கடவுச்சீட்டு: முகாமில் இருப்பவர்களுக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பாரா?

கேள்வி: முகாம்வாசி, கிருஷ்ணகிரி

அனைவருக்கும் வணக்கம். நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றில் வசிக்கிறேன். 1983 கலவரத்துக்கு அடுத்த ஆண்டு அப்பாவும் அம்மாவும் படகேறி வந்தவர்கள். அக்கா 14.11.1986 அன்று கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனையில் பிறந்தார்; நான் அதே மருத்துவமனையில் 1988 பிப்ரவரியில் பிறந்தேன். இருவரும் இந்த மண்ணைத் தவிர வேறு மண்ணை மிதித்ததில்லை. ஆனால் முகாம் பதிவேட்டில் இருவருக்கும் நாடு என்ற இடத்தில் இலங்கை என்றுதான் எழுதியிருக்கிறது.

சென்ற ஆண்டு ஓசூரில் ஓர் இடைத்தரகர், குடியுரிமை வாங்கித் தருவதாகச் சொல்லி அக்காவிடம் 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். அக்கா தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து இரண்டு வருடமாகச் சேர்த்த பணம் அது. குடியுரிமைக்கான இணையதளத்தில் ஒரு விண்ணப்பத்தை நிரப்பி, அச்செடுத்து, கையெழுத்து வாங்கினார். அதன் பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. அந்த நகலை நேற்று எடுத்துப் பார்த்தேன். தற்போதைய குடியுரிமை என்ற கட்டத்தில் 'இலங்கை' என்று இருக்கிறது. அதற்குக் கீழே அக்காவின் கையெழுத்து.

அந்தக் கையெழுத்தால் அக்காவுக்கு வழி அடைபட்டுவிட்டதா? எங்களைப் போன்றவர்களுக்கு அரசின் இலவச சட்ட உதவி உண்டா, அல்லது அது இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமா? வழக்குப் போட்டால் முகாமில் அரசு தரும் பணக்கொடையையும் வீட்டையும் நிறுத்திவிடுவார்கள் என்று அத்தான் அஞ்சுகிறார். 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஓர் இலங்கைத் தமிழர் வழக்கில் இந்தியா தர்ம சத்திரம் அல்ல என்று சொன்னதைச் செய்தியில் பார்த்ததிலிருந்து அவர் இந்தப் பேச்சையே எடுக்க விடுவதில்லை. அக்காவின் மகள் 2008இல் பிறந்தவள், பிளஸ் டூ முடித்திருக்கிறாள். அவளுக்காகத்தான் அக்கா இவ்வளவும் செய்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: வழக்கறிஞர், தர்மபுரி

தம்பி, உங்கள் அக்கா குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்க வேண்டியவரே அல்லர். 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, 26.01.1950 முதல் 30.06.1987 வரை இந்தியாவில் பிறந்தவர், தூதரக அதிகாரிகளின் குழந்தைகள் போன்ற மிகச் சில விலக்குகள் தவிர, பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும் பிறப்பால் இந்தியக் குடிமகனாகிறார். 14.11.1986 அந்தக் காலத்துக்குள் வருகிறது. நீங்கள் பிறந்த 1988 வரவில்லை, 01.07.1987 முதல் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்று சட்டம் மாறிவிட்டது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவரில் ஒருவர் குடிமகள், மற்றவர் வெளிநாட்டவர் என்பதை முகாம்களில் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதை வாய்விட்டுச் சொல்வதற்குக் கூச்சமாகவே இருக்கிறது.

இடைத்தரகர் அனுப்பியது 5ஆம் பிரிவின் கீழ், பதிவு மூலம் குடியுரிமை கோரும் விண்ணப்பமாக இருக்க வேண்டும். குடிமகன் அல்லாதவர் கேட்பது அது. செல்லாத கடவுச்சீட்டு, விசாவோடு அல்லது அவை இல்லாமலே வந்தவரைச் சட்டம் 'சட்டவிரோதக் குடியேறி' என்கிறது. அப்படிப்பட்டவர் அந்தப் பிரிவில் கேட்கவே முடியாது. ஆகவே அந்த விண்ணப்பத்தால் உங்கள் அக்காவுக்கு எந்தப் பயனும் கிடைக்கப்போவதில்லை. தம்மை வெளிநாட்டவர் என்று தாமே ஒப்புக்கொண்டதாகக் காட்டும் ஒரு தாள்தான் மிஞ்சும். அதற்காக வழி அடைபட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். பிறப்பால் சட்டம் கொடுத்த உரிமை, அறியாமல் போட்ட கையெழுத்தால் அழிந்துவிடாது. ஆனால் வழக்கறிஞர் ஒருவர் மூலம், நடந்ததை அப்படியே எழுதி, அதைத் திரும்பப் பெறும் கடிதத்தை முதலில் கொடுத்துவிடுங்கள். இடைத்தரகருக்குப் பணம் கொடுத்ததையும் முகாமில் பணக்கொடை வாங்கியதையும் எந்த இடத்திலும் மறைக்காதீர்கள். மறைத்தது பின்னால் தெரியவந்தால் நல்ல வழக்கும் கெட்டுவிடும்.

சட்ட உதவி பற்றிக் கேட்டீர்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவில் 'குடிமகன்' என்ற சொல் கிடையாது. வழக்குத் தொடுக்க அல்லது எதிர்கொள்ள வேண்டிய 'ஒவ்வொரு நபரும்' என்றுதான் அது தொடங்குகிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு இல்லை; உங்கள் அக்கா பெண் என்ற ஒரே காரணம் போதும். நீங்களும் தகுதியற்றவர் அல்லர். இன வன்முறையால் பாதிக்கப்பட்டவர் என்ற வகை அதே பிரிவில் இருக்கிறது, வருமான வரம்புக்குக் கீழ் உள்ளவர் என்ற வகையும் இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இயங்குகிறது. முதன்மை மாவட்ட நீதிபதிதான் அதன் தலைவர். வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தாலே போதும். தொலைபேசியில் கேட்க 15100 என்ற எண் உண்டு.

இனி நடைமுறை. அக்கா முறைப்படி கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கட்டும். காவல்துறைச் சரிபார்ப்பில் முகாம் முகவரி என்பதால் எதிர்க் குறிப்பு வர வாய்ப்பு அதிகம். மறுத்தால், மறுப்பையும் அதற்கான காரணத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டால் உயர் நீதிமன்றத்தில் எதிர்த்துப் பேசுவது கடினமாகிவிடும். எழுத்தில் கிடைத்தால் கடவுச்சீட்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 226ஆம் உறுப்பின் கீழ் உயர் நீதிமன்றத்தில் நேரடியாகத் தொடுக்கும் ரிட் மனுவும் உண்டு. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வசித்த ஒரு பெண்ணுக்கு 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்த வழியில்தான் கடவுச்சீட்டு வழங்க உத்தரவிட்டது. அவர் 2024 மக்களவைத் தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தார். நமது மாவட்டங்கள் மதுரைக் கிளையின் எல்லையில் இல்லை. உங்கள் மனு சென்னையில்தான் தாக்கலாகும். அங்கேயும் உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. வழக்கறிஞர் கட்டணம் இல்லை.

அத்தானிடம் இதைச் சொல்லுங்கள். அவர் பார்த்த செய்தி, சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் தண்டனை பெற்ற இலங்கைக் குடிமகன் ஒருவரைப் பற்றியது. இங்கே பிறந்த உங்கள் அக்காவின் வழக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 14, 21ஆம் உறுப்புகள் குடிமக்களுக்கு மட்டுமன்றி எல்லா நபர்களுக்கும் பொருந்தும். இன்றைய வங்கதேசப் பகுதியிலிருந்து வந்த சக்மா அகதிகள் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றமே 21ஆம் உறுப்பின் பாதுகாப்பை அவர்களுக்கு அளித்தது.

மகள் விஷயம் கடினமானது. 03.12.2004 முதல் பிறந்த குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் மட்டும் போதாது, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. அத்தான் எங்கே, எந்தத் தேதியில் பிறந்தார்?

பதில் 2: பிறப்புப் பதிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், ஊத்தங்கரை

வழக்கறிஞர் ஐயா சட்டத்தைச் சொல்லிவிட்டார். நான் தாள்களைப் பற்றிச் சொல்கிறேன். இப்படிப்பட்ட வழக்குகள் பெரும்பாலும் தாளில்தான் இடறுகின்றன. குடிமகனா இல்லையா என்ற கேள்வி எழும்போது, தாம் வெளிநாட்டவர் அல்லர் என்று காட்டும் பொறுப்பு அந்த நபர் தலையில்தான் விழுகிறது. பழைய 1946ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டத்திலும் அப்படித்தான். அதற்குப் பதிலாக 2025 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்திலும் அப்படித்தான்.

கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரியில்தான் தனி மாவட்டமானது. 1986ஆம் ஆண்டுப் பதிவேட்டில் 'தர்மபுரி மாவட்டம், கிருஷ்ணகிரி' என்றிருக்கும். முகாம் பதிவேட்டிலும் மகளின் பள்ளிச் சான்றிதழிலும் 'கிருஷ்ணகிரி மாவட்டம்' என்றிருக்கும். சரிபார்க்கிறவர் வெளியூர்க்காரராக இருந்தால், இரண்டும் வேறு இடம் என்று குறித்துவிடுவார். அதை ஒரு வரியில் விளக்கி மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்து, பழைய பதிவுகளில் குழந்தையின் பெயர் இருக்காது. 'பெண்' என்று மட்டும் இருக்கும். பெற்றோர் பெயரையும் நம் ஊர் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஒருமுறை 'கணபதிப்பிள்ளை' என்ற தந்தை பெயர் 'கணபதி' என்று மட்டும் பதிவாகி, அந்தப் பிள்ளையின் மகன் கல்லூரிக்குப் போகும்போதுதான் அது வெளியே வந்தது. ஆகவே முதலில் பதிவேட்டின் சான்றிட்ட நகலை எடுத்து, முகாம் பதிவில் உள்ள பெயரோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பிறப்பே பதிவாகவில்லை என்றாலும் அஞ்ச வேண்டாம். ஓராண்டுக்கு மேல் தாமதமான பிறப்பைக் கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவரின் உத்தரவின் பேரில் பதிய முடியும்.

பதில் 3: முகாம் பெண், தர்மபுரி மாவட்டம்

இலவச வழக்கறிஞர் என்றதும் பாதி பேர் முகத்தைச் சுளிக்கிறார்கள். எனக்கும் கசப்பான அனுபவம் உண்டு. என் ஜீவனாம்ச வழக்குக்கு நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் இரண்டு வாய்தாக்களுக்கு வரவே இல்லை. மூன்றாவது முறை, வேறொருவரை நியமிக்கும்படி ஆணைக்குழுச் செயலாளருக்கு எழுதிக் கொடுத்தேன், மாற்றினார்கள். வந்தவர் ஓர் இளம் பெண். என் கையில் இருந்த கசங்கிய முகாம் அட்டையை வாங்கி, முன்னும் பின்னும் படித்து, அதில் என் வயது தவறாக இருப்பதை முதல் நாளே கண்டுபிடித்தவர் அவர்தான். மாற்றிக் கேட்கலாம் என்பது பலருக்கும் தெரிவதில்லை.

பணக்கொடை பற்றி: எனக்கு நிறுத்தவில்லை. ஆனால் நீதிமன்றத்துக்குப் போகும் நாள்களை முகாமில் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுவேன். கணக்கெடுப்பு நாளில் ஆள் இல்லை என்றால் பெயரை நீக்குவார்கள்; அதற்கும் வழக்குக்கும் சம்பந்தமில்லை என்று பிறகு யார் போய் நிரூபிப்பது?

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. அத்தான் 1984இல் மன்னாரில் பிறந்தவர். 1990இல் ஆறு வயதில் படகில் மண்டபத்தில் இறங்கியவர். ஆகவே மருமகள் விஷயம் நான் பயந்தபடியே இருக்கிறது என்று புரிந்துகொள்கிறேன். அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அம்மாவின் தகரப் பெட்டியில் தேடினோம். மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது கொடுத்த சீட்டு ஒன்று கிடைத்தது. மடிப்பில் கிழிந்திருக்கிறது, ஆனால் தேதி, எடை, அம்மாவின் பெயர் ஆகிய மூன்றும் தெளிவாகத் தெரிகின்றன.

பதில் 4: வழக்கறிஞர், தர்மபுரி

அந்தச் சீட்டை லேமினேட் செய்துவிடாதீர்கள், அப்படியே ஓர் உறையில் வையுங்கள். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள், என்னிடமும்கூட.

அத்தானைப் பொறுத்தவரை, 09.01.2015 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமைக்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து 2025இல் மத்திய அரசு விலக்கு அளித்திருக்கிறது. அது குடியுரிமை ஆகாது. ஆனால் அப்படி விலக்கு பெற்ற தந்தையை மகளின் விஷயத்தில் 'சட்டவிரோதக் குடியேறி' என்று இன்னும் சொல்லலாமா என்பது நீதிமன்றத்தில் வாதிட வேண்டிய கேள்வி. வெல்லும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அக்காவின் குடியுரிமை எழுத்தில் நிலைநாட்டப்படாமல் அந்த வாதத்தைத் தொடங்கவே முடியாது. ஆகவே அக்காவிடம் முழுவதையும் சொல்லுங்கள். அவருடைய மனுவை மகளுக்காகத் தாமதப்படுத்த வேண்டாம். வரும் வாரம் ஆணைக்குழு அலுவலகத்துக்கு இருவரும் சேர்ந்தே வாருங்கள். இடைத்தரகர் கொடுத்த விண்ணப்ப நகலையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.