ஸ்பார்க் ப்ளக் மாற்றுவது: நாமே செய்வதா, சர்வீஸ் சென்டரில் கொடுப்பதா? சேலம், ஏற்காடு அனுபவங்கள்

அஸ்தம்பட்டியிலிருந்து:

சேலத்தில் பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கு, சிலிண்டருக்குள் பெட்ரோலை எரிக்கப் பொறி கொடுக்கும் ஸ்பார்க் ப்ளக் தேய்ந்துவிட்டதை முதலில் காட்டிக்கொடுப்பது ஏற்காட்டு மலைப்பாதைதான். ஐந்து ரோட்டுக்கும் கோரிமேட்டுக்கும் இடையே ஒரு குறையும் சொல்ல முடியாமல் ஓடும் வண்டி, அடிவாரம் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும், மூன்றாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது விக்கி விக்கி ஏறும். இரண்டாவது கியருக்கு இறங்கினால் சரியாகிவிட்டதுபோல் தோன்றும். ஏற்றத்தில் பாரம் கூடும்போது சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் அதிகமாக நுழைந்து அழுத்தம் உயர்கிறது. அந்த அழுத்தத்தில் பொறி தாவுவதற்குக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும். முனை மழுங்கி இடைவெளி அகன்றுபோன ப்ளக்குக்கு அது இன்னும் கூடுதலாக வேண்டும். ப்ளக்குக்கு மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலால் அதைக் கொடுக்க முடியாத நொடியில் அந்தச் சிலிண்டர் எரியாமல் விட்டுவிடுகிறது. தரைச் சாலையில் இதே ப்ளக் இன்னும் பல மாதங்கள் சமாளித்திருக்கும்.

எங்கள் நான்கு சிலிண்டர் ஹேட்ச்பேக்கில் இந்தத் திணறலோடு எஞ்சின் விளக்கும் விட்டு விட்டு எரிந்தது. அந்த விளக்கு நிலையாக எரிவது வேறு, கண் சிமிட்டுவது வேறு. சிமிட்டினால் எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைக் கொதிக்க வைக்கிறது என்று பொருள். அதன் விலைக்குப் பல செட் ப்ளக் வாங்கலாம். ஆகவே பாரத்தைக் குறைத்து மெதுவாக ஓட்டி ஊருக்குத் திரும்பி, மறுநாள் சர்வீஸ் சென்டரில் காட்டினோம். எஸ்டிமேட்டில் நான்கு ப்ளக், நான்கு காயில், த்ராட்டில் பாடி க்ளீனிங், இன்ஜெக்டர் க்ளீனிங் என்று எழுதி நீட்டினார்கள். "எல்லாத்தையும் ஒண்ணா மாத்திட்டா அப்புறம் தொந்தரவே இருக்காது சார்" என்றார் அட்வைசர். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் எந்தச் சிலிண்டர் விடுகிறது, அதற்குக் காரணம் காயிலா ப்ளக்கா என்று பார்த்தீர்களா என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

அதைப் பார்ப்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. வண்டியின் கோளாறைப் படிக்கும், போனில் இணையும் சிறிய ஓபிடி ஸ்கேனரை வண்டியில் செருகினால் பிழை எண் வரும். பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டர். இரண்டாவது காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டு, மூன்றாவதை இரண்டில் போட்டு, அந்தப் பிழை எண்ணை அழித்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். கோளாறு பி0303 ஆக மாறினால் காயில்தான் காரணம். எங்களுக்கு அது இரண்டாவதிலேயே நின்றதால் நான்கு காயில் வாங்கும் செலவு அங்கேயே மிச்சமாயிற்று.

இனி, ப்ளக்கை நாமே மாற்றலாமா என்ற கேள்வி. கூலியில் எவ்வளவு மிச்சம் என்பதை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது என்பது என் கருத்து. பானெட்டைத் திறந்தால் காயில்கள் மேலேயே தெரிகின்றனவா, ப்ளக் முதல் சுற்றில் எப்படிக் கழல்கிறது என்ற இரண்டையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எஞ்சினுக்குக் காற்று கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினால்தான் ப்ளக் கைக்கு வரும் என்ற அமைப்பு இருந்தால் யோசிக்காமல் பணம் கொடுத்துவிடலாம். வாரன்டி இருக்கும் வண்டிக்கும் அதே பதில்தான்; பில் கையில் இருப்பதே நல்லது.

எங்கள் வண்டியில் காயில்கள் மேலேயே இருந்தன. ப்ளக் திருகப்படும் சிலிண்டர் ஹெட் அலுமினியம் என்பதால் சூட்டோடு ப்ளக்கைத் திருகினால் மரை கெடும். ஆகவே இரவு முழுவதும் ஆறவிட்டுக் காலையில்தான் கை வைத்தேன். காயிலை எடுத்தவுடன் ப்ளக் குழிக்குள் மண் தெரிந்தது. ப்ளக்கை அரைச் சுற்றுத் தளர்த்தி, சைக்கிள் பம்பினால் காற்றடித்து மண்ணை வெளியேற்றிய பிறகே முழுதாகக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் அந்த மண் நேரே சிலிண்டருக்குள் விழும். முதலில் "டக்" என்று ஒரு முறை இறுக்கம் விட்டு, அதன் பிறகு விரலாலேயே கழன்று வந்தால் நல்லது. ஒவ்வொரு சுற்றும் முரண்டு பிடித்தால் அங்கேயே நிறுத்தி, திரும்ப இறுக்கிவிட்டு மெக்கானிக்கிடம் போவதே சரி.

நான்கையும் செய்தித்தாளில் வரிசையாக வைத்துப் பார்த்தபோது மூன்றின் முனை வெளிர் காப்பி நிறத்தில் ஆரோக்கியமாக இருந்தது. இரண்டாவது சிலிண்டரின் ப்ளக்கில் முனை உருண்டு தேய்ந்திருந்ததோடு, வெள்ளைப் பீங்கானின் மேல் பென்சிலால் கோடு கிழித்ததுபோல் ஒரு கருப்புத் தடம் மேலிருந்து கீழ்வரை ஓடியது. பொறி முனையில் தாவ முடியாமல் பீங்கானின் வெளிப்புறமாக இறங்கிய வழி அது. அந்தத் தடம் ப்ளக்கை மூடும் காயிலின் ரப்பர் உறைக்குள்ளும் பதிந்திருக்கும்; பழைய ரப்பரையே விட்டுவிட்டால் புதுப் ப்ளக்கும் அதே வழியில் கெடும். காயில் இல்லாமல் அந்த உறை மட்டும் தனியாகக் கிடைக்கும் வண்டிகளும் உண்டு. ஆகவே கடையில் முதலில் அதைக் கேளுங்கள்.

பொருத்தும்போது ராட்செட் கைப்பிடியை மாட்டாமல், எக்ஸ்டென்ஷன் கம்பியையும் சாக்கெட்டையும் மட்டும் விரலால் பிடித்துத் திருக வேண்டும். மரை கோணலாக ஏறினால் விரலுக்கு உடனே தெரியும், ராட்செட்டுக்குத் தெரியாது. வாஷர் உள்ள 14 மி.மீ. மரைப் ப்ளக் என்றால், விரலால் உட்கார்ந்த பிறகு அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு பங்குச் சுற்று வரை போதும். இறுக்க அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். வாஷர் இல்லாத கூம்பு வகைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதற்கு பதினாறில் ஒரு பங்குச் சுற்றே போதும்.

கொண்டலாம்பட்டியிலிருந்து:

மேலே எழுதிய சார் மரையைப் பற்றிச் சொன்னதை லேத் பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில் இன்னும் அழுத்திச் சொல்கிறேன். எங்களிடம் மரை போன ஹெட்டுகள் வருகின்றன. வீட்டில் செய்தவர்கள் மட்டும்தான் கெடுக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம்; ஏர் கன்னால் ப்ளக்கை அடித்து இறுக்கும் பெரிய பட்டறைகளிலிருந்தும் வருகின்றன. டேப் என்ற மரை வெட்டும் கருவியைப் போட்டு, ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரையை இறக்கினால் மரை பழையபடி நிற்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஹெட்டைக் கழற்றாமலேயே அதைச் செய்யும்போது டேப்பின் பள்ளங்களில் கிரீஸை அப்பி, நாலு திருகுக்கு ஒரு முறை வெளியே எடுத்துத் துடைக்க வேண்டும். இல்லையென்றால் அலுமினியச் சீவல் பிஸ்டன் மேல் விழும். அவசரப்படுத்துகிற வாடிக்கையாளரிடம் நான் இந்த வேலையை வாங்குவதே இல்லை.

மரைக்கு எண்ணெயோ கிரீஸோ தடவலாமா என்று பலரும் கேட்கிறார்கள். முலாம் பூசிய இன்றைய ப்ளக்குகளுக்குத் தேவையில்லை. இறுக்க அளவுகள் உலர்ந்த மரைக்குச் சொல்லப்பட்டவை. வழுக்கலோடு அதே அளவுக்கு இறுக்கினால் நிஜத்தில் அதைவிட அதிகமாக இறுகும்.

ஏற்காட்டிலிருந்து:

நான் பணம் கொடுத்துச் செய்துகொள்பவள். ஓய்வுபெற்ற ஆசிரியை, குனிந்து வேலை செய்ய முதுகு இடம் கொடுக்காது. மலையில் கம்பெனி சர்வீஸ் சென்டர் இல்லாததால் சேலத்துக்கு இறங்கி ஏறுவதில் ஒரு நாள் போய்விடுகிறது. அதையும் கூலியோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். இருந்தாலும், கழற்றிய பழைய ப்ளக்குகளை எந்தச் சிலிண்டருக்கு எது என்று எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்வது என் வழக்கம். சென்ற முறை அப்படிக் கேட்டபோது, "அதை வச்சு என்னம்மா செய்யப் போறீங்க" என்று சிரித்தார்கள். வாங்கிப் பார்த்ததில் ஒரு ப்ளக்கின் மேல்பகுதி மட்டும் எண்ணெயில் ஊறியிருந்தது, முனை காய்ந்திருந்தது. முனையில் எண்ணெய் என்றால் பிஸ்டன் ரிங்கையோ வால்வு சீலையோ சந்தேகிக்க வேண்டும். மேலே மட்டும் என்றால் குழிக்குள் எண்ணெய் கசிகிறது, எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவர் பக்கத்து சீல் மாற்றினால் போதும். பில்லில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நான் காட்டிய பிறகுதான் சீலை மாற்றினார்கள்.

இங்கே மழைக்காலத்தில் இன்னொன்றும் நடக்கிறது. வாட்டர் சர்வீஸில் எஞ்சின் மேல் நேராகத் தண்ணீர் பீய்ச்சினால் அது ப்ளக் குழிக்குள் தேங்கிவிடுகிறது. பனியிலும் தூறலிலும் அது சீக்கிரம் காய்வதில்லை, வண்டி அன்று மாலையே திணறும். அதற்குப் புதுப் ப்ளக் வாங்க வேண்டாம். காயிலைக் கழற்றிக் காற்றடித்து உலர்த்தச் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டியிலிருந்து மீண்டும்:

எந்த சாக்கெட் வாங்குவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பல கார்களுக்கு 16 மி.மீ., புதிய ஒல்லியான ப்ளக்குகளுக்கு 14 மி.மீ.; உள்ளே காந்தமோ ரப்பரோ இருப்பதாகப் பார்த்து வாங்கினால் ஆழமான குழியிலிருந்து ப்ளக்கைத் தூக்கி எடுக்கலாம். ப்ளக்கை மட்டும் உங்கள் கையேட்டில் உள்ள எண்ணைக் காட்டியே கேளுங்கள். என்ஜிகே, டென்ஸோ எண்களில் வெப்ப எண் கூடினால் சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும் குளிர்ந்த வகை, பாஷில் அதற்கு நேர்மாறு. "இதுவும் அதுவும் ஒண்ணுதான் சார்" என்று கடைக்காரர் கொடுப்பதை வாங்க வேண்டாம்.