களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் வண்டி வாங்கி இங்கே வரி கட்டியவர்கள் அனுபவம்

மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர்:

எல்லை தாண்டி கேரளத்து நெய்யாற்றின்கரையில் ஒரு பழைய கார் வாங்கி, நம்ம மார்த்தாண்டம் டிஎன் 75 எண்ணுக்கு மாற்றி முடித்தாயிற்று. நம்ம ஊர்க்காரர்கள் பலரும் அந்தப் பக்கம் வண்டி தேடுவதால் எழுதுகிறேன். அங்கே கேட்கும் விலையோடு தமிழ்நாட்டு ஆயுள் வரியையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேரம் பேச வேண்டும்.

"கேஎல் நம்பரிலேயே ஓட்டுங்க, யாரு கேக்கப் போறா" என்றார் புரோக்கர். இந்தப் பேச்சை நம்பாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆவது பிரிவுப்படி, வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே புது எண் வாங்கியாக வேண்டும். நமக்கு வீடும் வேலையும் இங்கேதானே. 1956 நவம்பர் 1 வரை நெய்யாற்றின்கரையும் நம்ம விளவங்கோடும் ஒரே மாநிலம். இப்போது அரை மணி நேரப் பயணத்துக்குள் வரிக் கணக்கே மாறிவிடுகிறது.

பலருக்குத் தெரியாத விஷயம் இது: பழைய வண்டிக்கு நாம் கொடுத்த விலையை வைத்து வரி போடுவதில்லை. புதிதாக இருந்தபோது என்ன விலை, இப்போது எத்தனை வயது என்றுதான் பார்க்கிறார்கள். அதனால் முதல் பில்லைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வரியைக் கணக்குப் போட்டு விற்பவரிடம் காட்டியதும் அவரும் நியாயமாக விலையைக் குறைத்தார்.

அப்புறம் என்ஓசி, அதாவது வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்றத் தடையில்லை என்று பழைய ஆர்டிஓ தரும் சான்று. 28-ஆம் எண் படிவத்தில் சேசிஸ் நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுத்து ஒட்ட வேண்டும். எண் பொறித்த இடத்தைத் துணியால் நன்றாகத் துடைத்து, டேப்பை ஒட்டி, மேலே பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எண்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். துருவோ கிரீஸோ இருந்தால் ஒரு எழுத்து மங்கிவிடும், பொறுமையாக எடுங்கள். லோன் இருந்த வண்டி என்றால் கடன் முடிந்ததற்கான வங்கிக் கடிதமும், ஆர்சியிலிருந்து கடனை நீக்கும் 35-ஆம் எண் படிவமும் கைக்கு வராமல் அட்வான்ஸ் கொடுக்கவே வேண்டாம்.

தக்கலையிலிருந்து ஒருவர்:

அண்ணே, ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் 15 வருடத்துக்கு வரி கட்டியிருப்பார்கள். வண்டி இங்கே பதிவான பிறகு, மீதி வருடங்களுக்கு உரிய தொகையை அங்கே திரும்பக் கேட்கலாம். அந்தப் பணம் வண்டியை வாங்கியவருக்கா விற்றவருக்கா என்பதை ஒப்பந்தத் தாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். என் மைத்துனர் வாங்கிய வண்டியில் இதை யாரும் பேசவில்லை. கடைசியில் இரண்டு வீட்டுக்காரர்களும் முகம் கொடுத்துப் பேசாத நிலைக்கு வந்துவிட்டது. எனக்கு அது இன்றும் வருத்தம்தான். அங்கே கட்டிய வரி ரசீதையும் பழைய ஆர்சி நகலையும் பத்திரமாக வையுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து ஒருவர்:

புது வண்டியைத் திருவனந்தபுரம் ஷோரூமில் எடுத்தால் வரி மிச்சம் என்று என்னிடமும் சொன்னார்கள். கணக்கு போட்டால் அப்படி இல்லை. ஜிஎஸ்டி எல்லா மாநிலத்திலும் ஒன்றுதான். ஆயுள் வரியோ வண்டி பதிவாகும் ஊரைப் பொறுத்தது. நாகர்கோவில் விலாசத்தில் டிஎன் 74 எடுத்தால் தமிழ்நாட்டு வரிதான். 2023 நவம்பரில் உயர்த்திய பிறகு 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. ஆஃபர் நன்றாக இருந்தால் அங்கே எடுங்கள், வரியை நினைத்துப் போக வேண்டாம்.

அடிக்கடி மாநிலம் மாறும் மத்திய அரசு ஊழியர்கள், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள், எந்த மாநிலத்துக்குப் போனாலும் மாற்ற வேண்டாத பிஎச் (பாரத்) வரிசை எண்ணைக் கேட்கலாம். 2021-இல் வந்தது. வரியை இரண்டிரண்டு வருடமாகக் கட்டலாம், ஊர் மாறும்போது என்ஓசிக்கு அலைய வேண்டியதில்லை. என் தங்கை வீட்டுக்காரர் அப்படித்தான் எடுத்தார், மாற்றலாகிப் போன ஊரிலும் அதே எண்ணில்தான் ஓட்டுகிறார்.