இலவச வீடியோ எடிட்டரோடு ஹெச்.264 கோடெக்கைச் சேர்த்துத் தரலாமா?

வணக்கம். திறந்த மூல வீடியோ எடிட்டர் ஒன்றை விண்டோஸ், லினக்ஸ் இரண்டுக்கும் வெளியிடப் போகிறோம். வீடியோவைச் சுருக்கி விரிக்கும் கோடெக்குகளின் பேட்டண்ட் (காப்புரிமை) விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்.

எக்ஸ்போர்ட்டில் சிக்கலில்லை: வெப்எம் கோப்பு, உள்ளே படத்துக்கு ஏவி1, ஒலிக்கு ஓபஸ், இரண்டும் உரிமக் கட்டணமில்லாத கோடெக்குகளாக வெளியிடப்பட்டவை. (ஏவி1-க்கும் 2019-இல் சிஸ்வெல் நிறுவனம் ஒரு பேட்டண்ட் பூல் (பலரின் பேட்டண்ட்டுகளுக்குச் சேர்த்து உரிமம் தரும் தொகுப்பு) அறிவித்தது, அதை நாங்கள் பொருட்படுத்தவில்லை.) எம்பி3 ஒலிக்கும் கவலையில்லை, அதன் பேட்டண்ட் உரிமத் திட்டம் 2017-லேயே முடிந்துவிட்டது.

தலைவலி இம்போர்ட்டில்தான். போனில் எடுக்கும் எம்பி4 பெரும்பாலும் ஹெச்.264 (படம்) + ஏஏசி (ஒலி), இரண்டுக்கும் பேட்டண்ட் உரிமம் கேட்கப்படுகிறது. இவற்றைத் திறக்கும் எஃப்எஃப்எம்பெக் என்ற திறந்த மூல நூலகத்தை எல்ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் பில்ட் செய்தால் போதும் என்பார்கள். அது பதிப்புரிமைக்கு மட்டுமே விடை, பேட்டண்ட் தனி.

சிஸ்கோ நிறுவனம் தரும் திறந்த மூல ஹெச்.264 கோடெக்கான ஓபன்ஹெச்264-ஐப் பார்த்தோம். சிஸ்கோ பேட்டண்ட் கட்டணம் கட்டுவது தன் சர்வரிலிருந்து பயனர் கணினிக்கு நேராக இறங்கும் பைனரிக்கு மட்டும். நாமே கம்பைல் செய்தாலோ இன்ஸ்டாலரில் சேர்த்தாலோ அது பொருந்தாது. 10-பிட் (கூடுதல் நிற நுணுக்கமுள்ள) வீடியோவையும் ஓபன்ஹெச்264 திறக்காது. ஏஏசி டிகோடரை விட்டுவிட்டால் படம் ஓடும், சத்தம் வராது. பயனர் அதைப் பக் என்றுதான் எழுதுவார்.

விண்டோஸில் டிகோடிங்கை அதனுடனேயே வரும் மீடியா ஃபவுண்டேஷனிடம் விட்டுவிடலாம். லினக்ஸில்?

1. முதல்முறை திறக்கும்போது ஓபன்ஹெச்264-ஐ இறக்கும் முறையை யாராவது செய்திருக்கிறீர்களா? இணையமில்லாத கணினியில் என்ன செய்தீர்கள்?
2. ஏஏசி-யின் அடிப்படை வகையான ஏஏசி-எல்சி டிகோடரை மட்டும் சேர்த்தால் பேட்டண்ட் ஆபத்து எவ்வளவு?
3. விஏ-ஏபிஐ (லினக்ஸில் கிராபிக்ஸ் சிப்பைக் கொண்டு வீடியோவை டிகோட் செய்யும் இடைமுகம்) வழியாக ஹார்டுவேர் டிகோடிங்கை நம்பலாமா? ஃபெடோரா லினக்ஸ் 2022-இல் தன் மெசா கிராபிக்ஸ் டிரைவர் தொகுப்பில் ஹெச்.264-ஐ அணைத்தபின் தயக்கமாக இருக்கிறது.