தரம் 10, 11க்கு பின்னேரம் 3.30 வரை வகுப்பு: கட்டாயப்படுத்தலாமோ? (கருத்துக்களப் பதிவுகள்; ஒவ்வொண்டுக்கும் மேல இருக்கிறது எழுதினவரின்ர புனைபேர்)

பாலையடி
முல்லைத்தீவு மாவட்டம் துணுக்காய்ப் பக்கம் தரம் 11 வரை உள்ள மாகாணப் பாடசாலை. வாற தவணையில இருந்து தரம் 10, 11 பிள்ளையள் கிழமையில ஐஞ்சு நாளும் 1.30க்குப் பிறகு 3.30 வரை நிக்கவேணும், எல்லாருக்கும் கட்டாயம் எண்டு பாடசாலை அபிவிருத்திச் சங்க (பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்த சங்கம்) கூட்டத்தில அறிவிச்சிருக்கினம். பெற்றோர் ரெண்டு பக்கம். ஒரு பகுதி ரியூசன் காசு மிச்சம் எண்டுது, மற்றப் பகுதி பஸ்ஸையும் யானையையும் சொல்லுது. அதிபர் தனிய இதைக் கட்டாயமாக்கலாமோ? சங்கத்துக்கு என்ன அதிகாரம்? ரெண்டு மணித்தியாலம் கூட்டினால் சாதாரண தரப் பெறுபேறு உண்மையிலேயே கூடுமோ?

நேரசூசி
கடைசிக் கேள்விக்கு முதல் பதில். இப்ப நாளுக்கு 40 நிமிசப் பாடவேளை 8, மொத்தம் 320 நிமிசம். 2026 இல இருந்து பாடசாலை 2 மணி வரை எண்டு கல்வி அமைச்சு 2025 இல அறிவிச்சு, ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்து நிண்டதே, அதில முதல் சொன்னது 50 நிமிசப் பாடவேளை 7, அதாவது 350 நிமிசம். அரை மணித்தியாலம் கூடுதுதான். ஆனா கிழமைக்கு 5 பாடவேளை இருந்த பாடத்துக்குப் புது நேரசூசியில 4 தான் விழுந்தால், 5×40 உம் 200, 4×50 உம் 200. மணி பிந்தி அடிக்கும், பாடத்துக்கு ஒரு நிமிசமும் கூடாது.

வன்னியில நேரம் எங்க போகுதெண்டு அறிய பதில் பாடவேளை (ஆசிரியர் இல்லாத பாடவேளைக்கு வேற ஆளை விடுறது) எழுதுற கொப்பியைப் பாருங்கோ. கணித ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடத்தில 3.30 வரை பிள்ளையை வைச்சிருந்தால் சும்மா இருக்கிற நேரம்தான் நீளும். கிழமைக்கு எத்தினை கணிதப் பாடவேளை பதிலுக்குப் போகுதெண்டு ஒரு மாதக் கணக்கை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கோ.

ஆசிரியர் இருந்தால் ஐஞ்சு நாள் தேவையில்லை. மூண்டு நாள், நாளுக்கு 1 மணித்தியாலம், கணிதமும் விஞ்ஞானமும் மட்டும். 12 கிழமையில 36 மணித்தியாலம் வரும். ஒரு குழுவில 15 பிள்ளைக்கு மேல வேண்டாம். பாடத்திட்டத்தைத் திருப்பி ஓட்டாமல் அடியில இருந்து பிடிக்கவேணும். மைனஸ் 2ஆல அடைப்புக்குறிக்குள்ள இருக்கிற மைனஸ் 3ஐப் பெருக்கி மைனஸ் 6 எண்டு எழுதுற பிள்ளைக்கு கடந்தகால வினாத்தாள் எத்தினை செய்விச்சாலும் அந்தப் பிழை அப்பிடியே நிக்கும்.

கொத்தணி
அதிகாரம் பற்றி. வழமையான பாடசாலை நேரம் அமைச்சின்ர சுற்றறிக்கையால வாறது. அதிபரோ சங்கமோ மாத்த ஏலாது. அதுக்கு வெளியால வைக்கிற வகுப்பு வேற விசயம். கட்டாயக் கல்வி வயசு 2016 இல இருந்து 5 தொடக்கம் 16. ஆனா அந்தச் சட்டத்தைக் காட்டிப் பின்னேர வகுப்புக்கு வராத பிள்ளையை வெருட்டுறது சரியில்லை. பெற்றோரின்ர எழுத்துச் சம்மதம் வாங்கி, வலயக் கல்விப் பணிமனைக்கு அறிவிச்சு நடத்தினால் ஒருத்தருக்கும் வில்லங்கம் இல்லை.

சங்கத்தில அதிபர்தான் பதவிவழித் தலைவர். அதால "சங்கம் தீர்மானிச்சது" எண்டால் கூட்டக் குறிப்பில ஆர் முன்மொழிஞ்சது, ஆர் வழிமொழிஞ்சது எண்டு இருக்கோ எண்டு பாருங்கோ. அறிவிப்பு வேற, தீர்மானம் வேற.

மேல போய்க் கேக்கலாம் எண்டாலும் வழி ஒடுக்கம். அரசியலமைப்பின்ர 13ஆவது திருத்தத்தின்படி மாகாணப் பாடசாலை மாகாணக் கல்வி அமைச்சுக்குக் கீழ. வடமாகாண சபையின்ர காலம் 2018 ஐப்பசியோட முடிஞ்சுது. அதுக்குப் பிறகு ஆளுநரும் அதிகாரிகளும்தான். உள்ளூரில கேள்வி கேக்கக் கிடைக்கிற ஒரே இடம் இந்தச் சங்கக் கூட்டம், அதுக்கும் சனம் வாறது குறைவு.

மாங்குளம்சந்தி
பஸ்ஸை முடிக்காமல் வகுப்பைத் தொடங்காதேங்கோ. 1.45 பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்ப, அது உள் றோட்டுக்குத் திரும்புமோ எண்டு கேளுங்கோ. சீசன் (மாணவர் பருவச்சீட்டு) இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸில மட்டும் செல்லும். வழமையான தனியார் பஸ்ஸில காசு. இ.போ.ச. சாலை (டிப்போ) முகாமையாளருக்கு அதிபர் மூலம் கடிதம், பிரதேச செயலருக்குப் பிரதி. கடிதத்தில எந்தத் தரிப்பிடத்தில எத்தினை பிள்ளை இறங்கும் எண்டு அட்டவணை போடுங்கோ. "மாணவர் நலன் கருதி" எண்டு மட்டும் எழுதினால் கோப்புக்குள்ள போயிடும்.

கார்த்திகை, மார்கழியில 6 மணிக்கு முன்னமே பொழுதுபடும். 3.30க்கு விட்டு, 4.30 பஸ் பிடிச்சு, இறங்கிச் சைக்கிளில காட்டோரம் போற பிள்ளை மைமலுக்குள்ளதான் வீடு சேரும். யானை இறங்கிற நேரமும் அதுதான். மாரிக்கு வகுப்பை 2.30ஓட நிப்பாட்டுங்கோ.

சாப்பாடு: அரசாங்கத்தின்ர பாடசாலை உணவுத் திட்டம் பெரும்பாலும் ஆரம்பப் பிரிவுக்குத்தான். பெரிய பிள்ளையளுக்கு நாங்கள்தான் சமைக்கவேணும்: 40 பிள்ளைக்கு அரிசி 5 கிலோ, பருப்பு ஒண்டரைக் கிலோ, ஒரு இலைக்கறி. 1.40க்குக் குடுக்கிறதெண்டால் 11.30க்கு உலை வைக்கவேணும். காலமை தேத்தண்ணியோட வந்த பிள்ளை 2 மணிக்கு மேல வாங்கில தலை வைச்சிடும்.

வரம்பு
எல்லாரும் பெற்றோர் விருப்பம் எண்டுறியள். கிளிநொச்சி ரவுணில இருக்கிறவருக்கு நாலு ரியூசன் சென்ரர் இருக்கு, விருப்பம் இருக்கு. கூலிக்குப் போற குடும்பத்துக்கு? பள்ளிக்கூடம் 1.30க்குப் பூட்டினால் அந்தப் பிள்ளைக்குப் படிப்பும் 1.30ஓட முடிஞ்சுது. சம்மதக் கடிதம் எண்டு விட்டால் ஆகத் தேவையான பிள்ளையின்ர கடிதம்தான் வராது.

சிலி நாட்டில 1997 இல முழுநாள் பாடசாலைச் சட்டம் கொண்டு வந்தவை. கூடின நேரத்தில என்ன செய்யப்போறம் எண்டு ஒவ்வொரு பாடசாலையும் திட்டம் எழுதிக் குடுக்கவேணும். புள்ளி கொஞ்சம்தான் கூடினது, உண்மை. ஆனா அந்தத் திட்டம் கேக்கிற முறை நல்லது. இங்கயும் கேளுங்கோ.

பாலையடி
வரம்பு அண்ணை, கடிதம் வராத வீட்டுக்கு என்ன செய்யிறது?

கொத்தணி
வகுப்பாசிரியரும் சங்க உறுப்பினர் ஒருத்தரும் பின்னேரம் நேர போகவேணும். படிவத்தில "சம்மதம் / இல்லை" மட்டும் போடாமல் காரணத்துக்கும் ஒரு வரி விடுங்கோ: பஸ், சாப்பாடு, வீட்டில சின்னப் பிள்ளை பாக்கிறது, ஏற்கனவே ரியூசன். பஸ் எண்டு எழுதினவையின்ர பேரைத்தான் சாலைக்குப் போற கடிதத்தோட இணைக்கவேணும்.